பூவை வறுத்த கதை

காய்கறிகளுக்கு ஜாதகம் கணிக்கும் ஜோசியர் யாராவது இருந்து, அவரிடம் காலிபிளவரின் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், அவர் நிச்சயமாகப் பெருமூச்சு விடுவார். "குலம் உத்தமமான குலம். நிறம் பால் வெளுப்பு. தலையிலே கிரீடம் வைத்தாற்போன்ற ராஜகளை. எல்லாம் இருந்தும் என்ன பிரயோஜனம்? ஒன்று, ஜலத்தில் கண்டம். அதற்குத் தப்பினால் எண்ணெயில் கண்டம்!" என்று சொல்லி, ஜாதகத்தை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

ஜோசியர் சொல்வது வாஸ்தவந்தான். நம் வீடுகளில் இந்தக் காய் அநேகமாக இரண்டு கதிகளில் ஒன்றைத்தான் அடைகிறது. குழையக் குழைய வெந்து, கூட்டு என்ற பெயரில் உருத் தெரியாமல் போவது ஒன்று. மாவையும் சிவப்புச் சாயத்தையும் பூசிக்கொண்டு கொதிக்கும் எண்ணெயில் விழுந்து எழுந்திருப்பது மற்றொன்று. இரண்டிலும் காயின் சொந்த ருசி இன்னதென்று தெரிந்துகொள்ள வழி இல்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. காயை நறுக்கி, எண்ணெயைப் பெயருக்குத் தடவி, உலர்ந்த அனலில் வறுத்தெடுப்பது. மேல்நாட்டு வீடுகளில் இது வெகு சாதாரணமான காரியம். கொஞ்சம் உப்பு, நல்ல சூடு, அரை மணி நேரப் பொறுமை, இவ்வளவுதான் இதற்கு வேண்டும். இந்த வழியைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்கு என் அத்திம்பேருடைய கைக்குட்டை காரணம். கைக்குட்டைக்கும் காலிபிளவருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டு திரும்பி வந்தது

என் அத்திம்பேருக்கு வயது 68. உத்தியோகத்திலிருந்து விலகிப் பத்து வருஷமாகிறது. இந்த உலகத்தில் அவருக்கு மூன்று பதார்த்தங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. முதலாவது வாழைக்காய் பஜ்ஜி. இரண்டாவது வெங்காய பஜ்ஜி. மூன்றாவது, மேற்படி இரண்டும் கிடைக்காத இடத்தில் எது கிடைக்கிறதோ அந்த பஜ்ஜி.

இப்படிப்பட்டவரை ஒரு நாள் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் அதிகமாயிருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, "உப்பைக் குறையுங்கள்; எண்ணெயில் பொரித்த சாமான்களை நிறுத்துங்கள்; காய்கறியை நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அத்திம்பேர் இதைக் காதில் வாங்கிக்கொண்டாரோ என்னவோ, என் அக்கா வாங்கிக்கொண்டாள். அன்று முதல் அந்த வீட்டில் வாணலி பரணில் ஏறிவிட்டது. பீன்ஸ் வேகவைத்தது, கோஸ் வேகவைத்தது, சுரைக்காய் வேகவைத்தது என்று நாள்தோறும் ஒரு காய் ஜலத்தில் முழுகி எழுந்து, உப்பும் உறைப்பும் இல்லாமல் இலைக்கு வந்தது. சாத்விகமான சாப்பாடு என்றால் அதற்குமேல் சாத்விகம் கிடையாது.

மூன்று மாதம் சென்றபின் ஒரு நாள் அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள்.

"இன்றைக்கும் தட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டதடா" என்றாள். குரல் தழதழத்தது. "சண்டை போட்டாலும் தேவலை. 'இது என்ன சமையல்' என்று இரைந்தாலும் தேவலை. ஒன்றும் சொல்லாமல் கையை அலம்பிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். நாற்பது வருஷம் சமைத்துப் போட்டேன். அவர் 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லி மூன்று மாதமாகிறது."

"இளைத்துப் போயிருக்கிறாரா?" என்று கேட்டேன்.

"அதுதானே ஆச்சரியம்! ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை. ரத்த அழுத்தமும் இறங்கவில்லை. டாக்டர் என்னைத்தான் கோபிக்கிறார்."

இதிலே ஏதோ மர்மம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. சனிக்கிழமை காலையில் புறப்பட்டுப் போனேன்.

மூக்கைக் குறை சொல்லாதீர்கள்

மாடிப்படியில் ஏறும்போதே வாசனை வந்து வரவேற்றது. வாசனை என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அக்கா காலிபிளவரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். "அடுப்பில் வைத்து முக்கால் மணியாகிறது. நன்றாக வெந்தால்தானே அவருக்கு ஜீரணமாகும்?" என்றாள். அடுத்த வீட்டுக்காரர் சற்று முன்புதான் வந்து, "உங்கள் வீட்டில் காஸ் கசிகிறதா?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனாராம்.

அந்த மனிதரை நாம் பரிகசிக்கக் கூடாது. சமையல் எரிவாயுவுக்குத் தனியாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் கந்தகம் சேர்ந்த ஒரு பொருளைக் கலக்கிறார்கள். கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த காய்களிலும் கந்தகம் சேர்ந்த சத்துக்கள் உண்டு. காயை நறுக்கும்போதும் வேகவைக்கும்போதும் அவை சிதைந்து வாடையாகக் கிளம்புகின்றன. வேகும் நேரம் நீள நீள வாடையும் வலுக்கிறது. ஐந்து நிமிஷம் வெந்த காலிபிளவர் சாதுவானது. முக்கால் மணி வெந்த காலிபிளவர் அண்டை அயலை வம்புக்கு இழுக்கிறது.

அன்று மத்தியானமும் தட்டு திரும்பி வந்தது. அத்திம்பேர் என்னைப் பார்த்துப் புன்சிரிப்புச் சிரித்து, "வா அப்பா! நீயும் இந்த ஆசிரமத்தில் தீட்சை வாங்கிக்கொள்ள வந்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூவின் பூர்வோத்தரம்

சாயங்காலம் நான் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல காலிபிளவராக ஒன்று வாங்கி வந்தேன். அதை மேஜைமேல் வைத்துக் கொண்டு யோசிக்கையில், அதன் பூர்வோத்தரத்தைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன்.

பூ என்று நாம் சொல்கிறோமே, அது உண்மையில் மலர்ந்த பூ அல்ல. பூவாக வேண்டும் என்று புறப்பட்டுப் பூவாகாமல் நின்றுவிட்ட குருத்துக்களின் கூட்டம் அது. ஒவ்வொரு குருத்தும் பூவாக முயன்று முடியாமல் மறுபடி தண்டாகிறது. அந்தத் தண்டிலிருந்து கிளம்பும் புதுக் குருத்துக்களும் அதே பாடுபடுகின்றன. பெரிய பூவைப் பிட்டால் சின்னப் பூ, சின்னதைப் பிட்டால் அதிலும் சின்னது என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் காண்பது இதனால்தான். பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானிகள் இதன் காரணத்தை விவரித்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எத்தனை முறை தோற்றாலும் மறுபடி முயலும் இந்தக் காயைத் தோல்வி கண்டு சோர்ந்த மாணவர்களுக்கு உதாரணமாகக் காட்டலாம்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் வளர்ந்த இந்தச் செடி 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கிருந்து 1822-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. வடக்கே சஹாரன்பூரில் இருந்த கம்பெனித் தோட்டத்தில் டாக்டர் ஜெம்ஸன் என்பவர் அதைக் கொண்டுவந்து பயிரிட்டதாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன.

வந்த விருந்தாளிக்கு நம் வெயிலும் மழையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் நீண்ட குளிர் காலத்தைக் கடந்தால்தான் அது பூத்து விதை விடும். ஆனால், நம் தேசத்து விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. வெயிலைத் தாங்கி நின்ற செடிகளிலிருந்து விதை எடுத்து விதைத்தார்கள். அவற்றுள்ளும் தாங்கியதை மறுபடி பொறுக்கினார்கள். இப்படியே தலைமுறை தலைமுறையாகச் செய்து, உஷ்ணப் பிரதேசத்திலேயே பூத்து விதை விடும் 'இந்தியக் காலிபிளவர்' என்ற தனி இனத்தையே உண்டாக்கிவிட்டார்கள். சற்று மஞ்சள் பாய்ந்த நிறமும் கொஞ்சம் தூக்கலான மணமும் அதன் அடையாளங்கள். பிற்பாடு டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 'பூசா தீபாலி', 'பூசா கட்கி' முதலிய ரகங்களை வெளியிட்டார்கள். நம் பக்கத்தில் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் ஓசூர்ப் பக்கத்துக் கொல்லைகளிலும் இது விளைகிறது. கார்த்திகை முதல் மாசி வரையில் நல்ல பூ நயமான விலைக்குக் கிடைக்கும்.

இத்தனை பேர் பாடுபட்டு வளர்த்த காயை முக்கால் மணி நேரம் வேகவைத்து வடிகட்டிக் கொட்டுவது நியாயமா என்பதே என் கேள்வி.

முதல் முயற்சி

அக்காவின் பெண் ஒரு மின்சார ஓவன் வாங்கி வைத்திருந்தாள். இரண்டு தடவை கேக் செய்தபின், அதன்மேல் பூ ஜாடி ஒன்றை வைத்து அலங்கரித்திருந்தார்கள். ஜாடியை இறக்கினேன். காலிபிளவரைப் பிட்டு, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் கழுவி, சொட்டச் சொட்ட எடுத்து, எண்ணெயும் உப்பும் பிசறி, ஒரு சின்னத் தட்டில் கோபுரமாகக் குவித்து உள்ளே தள்ளினேன். அரை மணிக்குப் பிறகு திறந்து பார்த்தேன். ஆவி குப்பென்று கிளம்பியது. அது அடங்கியதும் தெரிந்தது என்னவென்றால், வழக்கம்போல் வெந்த காலிபிளவர்!

அத்திம்பேர் எட்டிப் பார்த்தார். "இத்தனை நாள் அடுப்பில் வேகவைத்தார்கள். இப்போது மின்சாரத்தில் வேகவைக்கிறீர்கள். தேசம் முன்னேறித்தான் வருகிறது" என்று சொல்லிவிட்டு, உலாவப் புறப்பட்டார். பேரனும் கூடவே போனான்.

இரவு எட்டு மணிக்கு, துணிகளை எடுத்துப் போடப் போன அக்கா 'ஐயோ!' என்று அலறிய சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். அவள் கையில் அத்திம்பேருடைய கைக்குட்டை இருந்தது. வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்புச் சிவப்பாகக் கறை!

"ரத்தம்! இவர் ரத்தம் கக்கியிருக்கிறார்! என்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார்!" என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்திம்பேர் வாயைத் திறந்தார், மூடினார். எட்டு வயதுப் பேரன்தான் எல்லோரையும் காப்பாற்றினான்.

"அது ரத்தமில்லை, பாட்டி! தாத்தா தினமும் தள்ளுவண்டியில் சிவப்பு காலிபிளவர் வாங்கித் தின்பார். எனக்கும் கொடுப்பார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்" என்றான்.

தட்டு திரும்பியதும், உடம்பு இளைக்காததும், ரத்த அழுத்தம் இறங்காததும் ஆகிய மூன்று மர்மங்களும் ஒரே விநாடியில் துலங்கிவிட்டன.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் வேகவைத்ததும் காலிபிளவர்தானே? அதைத் தொடாமல், தெருவில் நின்று அதையே..." என்றவள் பேச்சை முடிக்கவில்லை. அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டார். "ருசியாக ஒரு வாய் சாப்பிட வேண்டும் போலிருந்தது. உன்னைக் கேட்டால் உன் மனசு கஷ்டப்படும் என்று..." என்று அவரும் முடிக்கவில்லை.

அந்தச் சிவப்புச் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கர்நாடக அரசாங்கத்தார் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 'கோபி மஞ்சூரியன்' என்னும் இந்தப் பலகாரத்தில் செயற்கைச் சாயங்கள் சேர்க்கக்கூடாது என்று தடை விதித்தார்கள். கடைகளில் மாதிரி எடுத்துச் சோதித்ததில் டார்ட்ரஸின், ஸன்ஸெட் எல்லோ, கார்மோயிஸின் என்ற சாயங்கள் கலந்திருப்பது தெரியவந்ததே காரணம். தாத்தா தின்றது போதாதென்று பேரனுக்கும் ஊட்டியதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

ஆனால், அத்திம்பேர் கேட்டது அக்கிரமமான வரமா? மொறுமொறுவென்று, உப்பும் உறைப்புமாக ஒரு வாய் கறி. அதை வீட்டிலேயே கொடுக்க முடியாமற்போனால் தள்ளுவண்டி ஜயித்துவிடும். அன்றிரவு நான் தூங்காமல் என் தோல்வியைப் பற்றி யோசித்தேன்.

ஜலம் செய்த சதி

யோசித்ததில், குற்றவாளி ஜலம் என்று ஏற்பட்டது.

காலிபிளவரில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர்தான். ஜலம் 100 டிகிரி சென்டிகிரேடில் ஆவியாகிறது. காயின் மேல் ஈரம் இருக்கிற வரையில், அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அந்த மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தாண்டுவது துர்லபம். காய் சிவந்து மணம் வீசுவதற்கோ ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில்தான் காயிலுள்ள சர்க்கரையும் புரதச் சத்தின் கூறுகளும் சேர்ந்து, புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி இதை 1912-ஆம் ஆண்டில் விவரித்தார். தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டையின் வாசனையும் பெரும்பாலும் இந்த ரசவாதத்தின் பிரசாதமே.

நான் செய்த பிழைகள் இப்போது விளங்கின. சொட்டச் சொட்ட ஈரத்தோடு வைத்தது முதல் பிழை. கோபுரமாகக் குவித்தது இரண்டாவது. ஒரு துண்டிலிருந்து கிளம்பிய ஆவி அடுத்த துண்டை வேகவைத்துவிட்டது. சூடேறாத ஓவனில் தள்ளியது மூன்றாவது. பூச்சி போவதற்காக வெந்நீரில் போடும் நம் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது அவசியம். அதற்குப் பிறகு துடைப்பதும் அவ்வளவு அவசியம் என்பதுதான் சங்கதி.

பக்குவம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை அக்காவும் கூட வந்து நின்றாள். நாங்கள் செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். நான்கு பேருக்குப் போதும்.

சுமார் 700 கிராம் எடையுள்ள பூ ஒன்று எடுத்துக்கொள்ளவும். கையில் தூக்கினால் கனமாகவும், இடைவெளியில்லாமல் நெருக்கமாகவும், பழுப்புப் புள்ளி இல்லாமலும், சுற்றிலும் பச்சை இலையோடும் இருக்க வேண்டும். பூவைக் கத்தியால் நறுக்கும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கும்படி நறுக்கவும். தட்டையான பக்கம் தகட்டில் படிந்தால்தான் நன்றாகச் சிவக்கும். நடுத் தண்டை எறிய வேண்டாம். தோலைச் சீவி மெல்லிய வில்லைகளாக்கிக்கொள்ளலாம். இளம் இலைகளும் வறுத்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஆனால் அவற்றைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் சேர்த்தால் போதும்.

உப்பும் மஞ்சள் தூளும் கலந்த வெந்நீரில் துண்டுகளை ஐந்து நிமிஷம் போட்டு வைக்கவும். அடுப்பில் கொதிக்கவிடக் கூடாது. பிறகு நல்ல ஜலத்தில் அலசி, வடிகட்டி, சுத்தமான துணியில் பரப்பி, மேலேயும் ஒரு துணியால் ஒற்றி, அரை மணி நேரம் காற்றாட விடவும். தொட்டுப் பார்த்தால் கையில் ஈரம் படக்கூடாது.

துண்டுகள் உலரும் சமயத்தில் ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றவும். தகட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்கிக்கொள்வது விசேஷம். உலர்ந்த துண்டுகளில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ 2 மேஜைக் கரண்டி விட்டு, அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் மஞ்சள் தூளும் சேர்த்து, கையாலேயே பிசறவும். சூடான தகட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விரற்கடை இடைவெளி விட்டுப் பரப்பவும். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யலாம். நெருக்கி அடைக்கக் கூடாது.

பதினைந்து நிமிஷம் திறக்காமல் விட்டுவிடவும். இதுதான் கஷ்டமான கட்டம். அக்கா மூன்று தடவை கதவில் கை வைத்தாள். அதற்குப் பிறகு துண்டுகளைத் திருப்பிப் போட்டு, இன்னும் 10 முதல் 15 நிமிஷம் வைக்கவும். ஓரங்கள் கருஞ்சிவப்பாகி, தண்டில் கத்தி முனை சுலபமாக இறங்கினால் பதம் சரி. மிளகுத் தூளும் சீரகத் தூளும் அரை டீஸ்பூன் வீதம் கடைசி ஐந்து நிமிஷத்தில் தூவவும். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். வெளியே எடுத்தபின் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உடனே பரிமாறவும். மூடி வைத்தால் ஆவி கட்டி மொறுமொறுப்பு ஓடிவிடும்.

ஓவன் இல்லாதவர்கள்

ஓவன் இல்லாத வீடுகளே அதிகம். அதனால் நஷ்டமில்லை. கனமான இரும்புத் தோசைக்கல் போதும். கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் பிசறிய துண்டுகளைத் தட்டையான பக்கம் கீழாக, ஒரே வரிசையாக அடுக்கவும். நிதானமான தீயில் நாலைந்து நிமிஷம் தொடாமல் விடவும். அடிக்கடி கிளறினால் சிவக்காது. அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பி, மறுபக்கத்தையும் அவ்வாறே செய்யவும். அதற்குப் பிறகு தீயைத் தணித்து, ஜலம் தெளிக்காமல், இரண்டு மூன்று நிமிஷம் மூடி வைத்தால் காயின் சொந்த ஆவியிலேயே உள்ளே வெந்துவிடும். கடைசியில் மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் தீயைத் தூண்டினால் ஈரம் போய் மறுபடி முறுகும். முதலில் சிவக்க வைத்துப் பிறகு மூட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

லாப நஷ்டக் கணக்கு

அக்கா கணக்குக் கேட்டாள். டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள் அல்லவா?

இரண்டு மேஜைக் கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 240 கலோரி. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 60. காலிபிளவரில் 100 கிராமுக்கு 25 கலோரிதான். ஆக, ஒருவருடைய பங்கு ஏறக்குறைய 105 கலோரிக்குள் அடங்கும். உப்பு ஆளுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. தண்ணீர் வற்றி ருசி இறுகுவதாலும், மிளகும் எலுமிச்சையும் துணைக்கு இருப்பதாலும் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரிவதில்லை.

பச்சைக் காலிபிளவரில் 100 கிராமுக்குச் சுமார் 48 மில்லிகிராம் வைட்டமின் 'ஸி' இருக்கிறது. வறுத்தால் அது முழுவதும் தப்பும் என்று நான் சொல்லமாட்டேன். சூட்டில் ஒரு பகுதி போகத்தான் போகும். ஆனால், நெடுநேரம் வேகவைத்து வடித்துக் கொட்டும்போது, சூட்டில் போவது போக, மீதியிலும் ஒரு பகுதி ஜலத்தோடு சாக்கடைக்குப் போகிறது. வறுவலில் கொட்டுவதற்கு ஒன்றும் கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் காய் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும்.

கைக்குட்டை

அன்று மத்தியானம் ரசஞ்சாதத்தோடு வறுவலைப் பரிமாறினாள் அக்கா. ஒன்றும் பேசவில்லை. அத்திம்பேர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்றை எடுத்தார். ரசஞ்சாதம் முடிந்தது, தயிர் சாதத்துக்கும் அதையே கேட்டார். அப்புறம் தட்டைச் சற்று முன்னால் நகர்த்தி, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "இன்னும் இருக்கிறதா?" என்றார்.

அக்கா தன் பங்கில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனவள் திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. பேரன் மட்டும், "இது ஏன் சிவப்பாக இல்லை?" என்று ஆக்ஷேபித்தான். ஆனால் அவன் தட்டிலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

இது நடந்து நாலு மாதமாகிறது. அத்திம்பேர் மாத்திரையை விடவில்லை. காலிபிளவர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து என்று நான் எழுதினால் டாக்டர் என்னைச் சும்மா விடமாட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் வறுவல் நடக்கிறது. காலிபிளவர் அகப்படாத நாட்களில் பீன்ஸையும் காரட்டையும் பூசணியையும் அதே மாதிரி வறுக்க அக்கா பழகிவிட்டாள். தட்டு காலியாகவே திரும்புகிறது. தள்ளுவண்டி இன்னும் அந்தத் தெருமுனையில்தான் நிற்கிறதாம். அத்திம்பேர் அந்தப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்கிறார்.

அக்கா அதை நம்புகிறாள். இருந்தாலும், சாயங்காலம் அவர் உலாவிவிட்டு வந்ததும் கைக்குட்டையைத் தானே வாங்கி வைக்கிறாள். மடிப்பைப் பிரித்து ஒரு தடவை பார்க்கிறாள். பிறகுதான் துவைக்கப் போடுகிறாள்.